வாசகர் கேள்வி – பதில்: கடைசி பிட் வரை ஒத்துப்போக வேண்டுமா?

கேள்வி: பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுகளை என் மடிக்கணினியில் எமுலேட்டர் (வேறொரு கருவியைப் போலவே செயல்படும் மென்பொருள்) வழியாக ஆடுகிறேன். அதில் ரவுண்டிங், கிளாம்பிங் என்று இரண்டு தெரிவுகள் உள்ளன. கிளாம்பிங்கை முழு அளவில் வைத்தால் ஆட்டம் மந்தமாகிறது. அணைத்தால் ஒரு பாத்திரம் திரையிலிருந்தே காணாமல் போகிறது. 2000-ஆம் ஆண்டுக் கருவி போட்ட கணக்கை இன்றைய செயலியால் சரியாகப் போட முடியாதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் செயலி சரியாகப் போடுவதுதான் இங்கே சிக்கலே. அது 1985-இல் வெளியான ஐட்ரிபிள்ஈ 754 தரத்தின்படி மிதவைப் புள்ளிக் கணக்குகளை, அதாவது தசமப் புள்ளி உள்ள எண்களின் கணக்குகளை, செய்கிறது. பிளேஸ்டேஷன் 2-இன் எமோஷன் எஞ்சின் என்ற செயலியோ, எண்களை அதே 32 பிட் வடிவில் வைத்துக்கொண்டாலும், அத்தரத்தின் பல விதிகளைக் கைவிட்டது. அதில் முடிவிலி கிடையாது. 'எண் அல்ல' என்ற சிறப்பு மதிப்பும் கிடையாது. இடம் போதாமல் மிஞ்சும் இலக்கங்கள் அப்படியே வெட்டப்படும்.

ஒரு விளையாட்டு 1-ஐப் பூச்சியத்தால் வகுத்து, வந்த விடையைப் பிறகு பூச்சியத்தால் பெருக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய கருவியில் வகுத்தலுக்கு விடை, அதற்குத் தெரிந்த மிகப் பெரிய எண், அதைப் பூச்சியத்தால் பெருக்கினால் பூச்சியம், ஆட்டம் தொடரும். உங்கள் கணினியில் வகுத்தல் முடிவிலியைத் தரும், முடிவிலியைப் பூச்சியத்தால் பெருக்கினால் 'எண் அல்ல' என்று வரும், அதைத் தொட்ட அடுத்தடுத்த கணக்குகளும் அப்படியே ஆகும். பாத்திரத்தின் இருப்பிடமே 'எண் அல்ல' என்றான பிறகு அதைத் திரையில் எங்கே வரைவது?

ரவுண்டிங் தெரிவுக்கு ஏறக்குறைய செலவே இல்லை. செயலியின் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில் ஒருமுறை 'வெட்டு' என்று எழுதிவிட்டால் மீதியை வன்பொருளே பார்த்துக்கொள்ளும். கிளாம்பிங் அப்படியல்ல: கணக்குகளின் விடைகளைச் சோதித்து, முடிவிலி தென்பட்டால் அதை 32 பிட்டின் உச்சவரம்பான சுமார் 3.4 × 10³⁸-க்கு இறக்க வேண்டும், இச்சோதனை நொடிக்குக் கோடிக்கணக்கான முறை நடக்கலாம். இதுகூட ஒட்டுவேலைதான், ஏனெனில் அசல் கருவியின் உச்சவரம்பு அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. இயல்புநிலையிலேயே தொடங்குங்கள், அந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் கிளாம்பிங்கை ஒவ்வொரு படியாக ஏற்றிப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் எல்லாக் கணக்கையும் மென்பொருளிலேயே போட்டுவிட்டால் ஐயத்துக்கே இடமில்லையே? கல்லூரித் திட்டப்பணிக்காக ஓர் எமுலேட்டர் எழுதுவதால் கேட்கிறேன்.
– மாணவர், கோயம்புத்தூர்

பதில்: இடமில்லைதான். ஜான் ஹவுசர் எழுதிய சாஃப்ட்ஃப்ளோட் என்ற நிரல் தொகுப்பு அந்த வேலையைத்தான் செய்கிறது. ஆனால் வன்பொருள் ஒரே கட்டளையில் முடிக்கும் கூட்டலுக்கு, குறியையும் அடுக்கையும் பின்னத்தையும் பிரித்து, அடுக்குகளைச் சமப்படுத்தி, கூட்டி, முழுமையாக்கி (ரவுண்டிங்), கணக்கில் என்ன நடந்தது என்று குறிக்கும் ஒரு பிட் அடையாளங்களான கொடிகளை ஏற்றி முடிப்பதற்குள் பல பத்துக் கட்டளைகள் ஓடிவிடும்.

பல வகைச் செயலிகளைப் போலச் செய்யும் கியூஇஎம்யூ என்ற எமுலேட்டர் இதற்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. 1-ஐ 2-ஆல் வகுத்தால் விடை துல்லியம். 3-ஆல் வகுத்தால் துல்லியமல்ல, உடனே 'துல்லியமல்ல' என்ற கொடி ஏறும். ஒருமுறை ஏறிய கொடி, நிரல் தானாக இறக்கும் வரை இறங்காது. பெரும்பாலான நிரல்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. கொடி ஏற்கெனவே ஏறியிருந்தால் அதை மறுபடி கண்டறியும் பாடு எதற்கு? ஆகவே கொடி ஏறியிருந்து, முழுமையாக்கல் வழக்கமான முறையில் இருந்து, எண்களும் பூச்சியமோ இயல்பான எண்களோ ஆக இருந்தால், 2019-இல் வந்த 4.0 பதிப்பு முதல் கியூஇஎம்யூ கணக்கை நேரே வன்பொருளிடம் கொடுக்கிறது. விடை மிகச் சிறியதாகிவிட்டாலோ, நிபந்தனைகளில் ஒன்று தவறினாலோ, மென்பொருள் வழிக்குத் திரும்பிவிடும். விடையில் ஒரு பிட்கூட மாறுவதில்லை. பவர்பிசி செயலிகளைப் போலச் செய்யும் பகுதி ஒவ்வொரு கணக்குக்கு முன்பும் கொடிகளை இறக்கிவிடுவதால், அதற்கு மட்டும் இந்தப் பலன் கிட்டவில்லை.

கேள்வி: பழைய டாஸ் நிரல்களை எமுலேட்டரில் ஓட்ட, டபுள் எனப்படும் 64 பிட் மிதவைப் புள்ளி எண் போதுமா?
– வாசகர், சேலம்

பதில்: பெரும்பாலும் போதும், ஒரு கண்ணி உண்டு. 1980-இல் வந்த இன்டெல் 8087 என்ற கணக்குத் துணைச் செயலியின் பதிவேடுகள் 80 பிட் அகலமானவை. அவற்றில் 64 பிட்கள் எண்ணின் இலக்கங்களுக்கே உரியவை. டபுளில் அதற்கு 53 தான். சில நிரலர்கள் அந்த அகலத்தைக் கணக்குக்கல்லாமல் நினைவகத்தை நகலெடுக்கப் பயன்படுத்தினர்: எஃப்ஐஎல்டி கட்டளையால் எட்டு பைட்டுகளை முழு எண்ணாக ஏற்றி, எஃப்ஐஎஸ்டிபி கட்டளையால் வேறிடத்தில் இறக்கினர். டபுளில் 9007199254740993-ஐ ஏற்றினால் 9007199254740992 தான் இறங்கும். அந்த எட்டு பைட்டுகள் ஒரு படத்தின் துண்டாக இருந்தால் படத்தில் புள்ளிகள் கெடும். எனவே ஏற்றிய 64 பிட்களின் நகலையும் பக்கத்தில் வைத்திருங்கள். இடையில் எந்தக் கணக்கும் நடக்காமல் எஃப்ஐஎஸ்டிபி வந்தால் அந்த நகலையே எழுதிவிடுங்கள்.