டிடி-214இல் விடுபட்ட மெடல்கள்: கொழும்புவாசிகளின் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்க ஆமியில் ஆளணிக் கோப்புகள் பார்க்கும் பிரிவில் வேலை செய்துவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்தவன் நான். சேவையை விட்டு விலகும்போது கையில் தரும் பத்திரம்தான் டிடி-214. அதில் தனக்கோ தன் வீட்டாருக்கோ கிடைக்கவேண்டிய மெடல் இல்லை என்று பலர் கேட்டிருந்தார்கள். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் எடுத்துவிட்டேன்.

தெஹிவளையிலிருந்து: அண்ணா, 2009இல் மாவ்னி திட்டத்தில் ஆமியில் சேர்ந்தேன். 2012இல் ஒன்பது மாதம் ஆப்கானிஸ்தானில் இருந்தேன். அடுத்த வருடம் விலகினேன். டிடி-214இல் மெடல்கள் எழுதும் 13ஆம் கட்டத்தில் ஆப்கானிஸ்தான் மெடலும் இல்லை, ஆமி கமெண்டேஷன் மெடலும் இல்லை. நேரே ஆமியின் ஆவணத் திருத்தப் போர்டுக்கு எழுதவா?

தம்பி, இப்போதைக்கு போர்டுக்கு எழுதவேண்டாம். கீழ்மட்டத்தில் கேட்டுப் பார்க்காமல் போனால், "முதலில் அங்கே கேட்டுவிட்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

(தெரியாதவர்களுக்கு: கிரீன் கார்ட் இல்லாதவர்களையும் அவர்களின் மொழியறிவுக்காகப் படையில் சேர்த்த திட்டம் மாவ்னி. மொழிப் பட்டியலில் தமிழும் சிங்களமும் இருந்தன. 2016க்குப் பிறகு ஆள் எடுக்கவில்லை.)

நீங்கள் கேட்கிற இரண்டு மெடலும் இரண்டு இனம். ஆப்கானிஸ்தான் மெடல் அங்கே இருந்ததற்காக வருவது. தொடர்ந்து 30 நாள், அல்லது விட்டுவிட்டு 60 நாள் இருந்தால் போதும்; யாரும் சிபாரிசு செய்யத் தேவையில்லை. கமெண்டேஷன் மெடல் அப்படியில்லை. ஒருவர் சிபாரிசு எழுதி, அதிகாரமுள்ளவர் கையெழுத்து வைத்து, ஓர் உத்தரவு இலக்கம் விழுந்திருக்கவேண்டும். அந்த உத்தரவு இல்லையென்றால் மெடலே இல்லை என்றுதான் ஆமி கணக்கெடுக்கும், உங்கள் சட்டையில் குத்தும்போது எடுத்த படம் இருந்தாலும்கூட.

முதலில் சுலபமானதைப் பார்ப்போம். உங்கள் டிடி-214இல் 18ஆம் கட்டத்தை, அதாவது குறிப்புகள் எழுதும் இடத்தைப் பாருங்கள். "சர்வீஸ் இன் ஆப்கானிஸ்தான்" என்று போட்டு, பக்கத்தில் எட்டு இலக்கத்தில் இரண்டு திகதிகள் இருக்கும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில். அது இருந்தால் உங்கள் பத்திரமே உங்களுக்குச் சாட்சி. அதுவும் விடுபட்டிருந்தால் அந்த மாதங்களின் சம்பளச் சீட்டைத் தேடுங்கள். ஆபத்துப் படி என்று மாதம் 225 டொலர் ஏறியிருக்கும், வருமானவரி விலக்கும் தெரியும். சும்மா இருக்கிறவனுக்கு ஆமி 225 டொலர் கொடுக்காது. ஆகவே அந்தச் சீட்டை யாரும் மறுக்கமாட்டார்கள். இன்னொன்று: அந்த மெடலோடு அதன் ரிப்பனில் குத்தும் சின்ன நட்சத்திரமான கெம்பெய்ன் ஸ்டார் குறைந்தது ஒன்றாவது சேர்ந்து வரும். கேட்கும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கமெண்டேஷன் மெடலுக்கு டிஏ-638 என்ற படிவம் வேண்டும். உங்களுக்குத் தந்த சான்றிதழ் வீட்டில் இருந்தால் அதன் அடியில் அநேகமாக "பெர்மனென்ட் ஆர்டர்" என்று இலக்கமும் திகதியும் இருக்கும். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் மில்கனெக்ட் என்ற இணையத்தளத்தில் உங்கள் முழு ஆளணிக் கோப்பையும் கேட்டு எடுங்கள். டிடி-214 அடித்த கிளார்க் பார்க்காமல் விட்ட 638, கோப்புக்குள் கிடப்பதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். விலகுகிற நேரம் ஆளுக்கும் அவசரம், கிளார்க்குக்கும் அவசரம். அந்த அவசரத்தில்தான் முக்கால்வாசி விடுபடல் நடக்கிறது.

எல்லாவற்றையும் சேர்த்து, கென்டக்கியில் ஃபோர்ட் நொக்ஸில் இருக்கும் ஆமி மனிதவளக் கட்டளையகத்தின் விருதுப் பிரிவுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். எந்த மெடல், எந்த ஆதாரம், எந்தக் கட்டத்தில் சேர்க்கவேண்டும் என்பது மட்டும் இருந்தால் போதும். கொப்பி மட்டும் அனுப்புங்கள். மூலப் பத்திரம் உங்கள் அலுமாரியில் இருக்கட்டும். ஒப்புக்கொண்டால் டிடி-215 என்ற திருத்தப் பத்திரம் வரும். மறுத்தால், அந்த மறுப்புக் கடிதத்தையும் இணைத்து டிடி-149 படிவத்தில் போர்டுக்குப் போகலாம்.

நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். மூன்று வருடம் ஒழுங்காகச் சேவை செய்தவருக்கு குட் கண்டக்ட் மெடல் உண்டு. நீங்கள் நான்கு வருடம் இருந்திருக்கிறீர்கள். அதையும் பாருங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: ஐயா, என் அப்பா 1969 தொடக்கம் 1973 வரை அமெரிக்க நேவியில் இருந்தவர். போன வருடம் காலமாகிவிட்டார். வியட்நாம் சர்வீஸ் மெடல் பத்திரத்தில் இல்லை. நேவிப் பத்திரத்தில் உள்ள பெயரும் என் பிறப்புச் சான்றிதழில் உள்ள அப்பாவின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துவரவில்லை. நான் கேட்டால் தருவார்களா?

தருவார்கள் அம்மா. மறுமணம் செய்யாத துணை, பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் ஆகியோரைத்தான் நெருங்கிய உறவாக எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் மகள், பிரச்சினை இல்லை. பேரப்பிள்ளை கேட்டிருந்தால் சிக்கல். விலகி 62 வருடம் ஆனபிறகு கோப்பு எல்லோருக்கும் திறந்துவிடும். அப்போது யாரும் கேட்கலாம், ஆனால் காசு கட்டவேண்டும்.

முதல் வேலை, எஸ்எஃப்-180 படிவத்தில் மிசூரி மாநிலம் சென். லூயிஸில் உள்ள ஆளணி ஆவண நிலையத்திடம் அப்பாவின் முழுக் கோப்பையும் கேட்பது. டிடி-214 மட்டும் போதும் என்று எழுதிவிடாதீர்கள், முழுக் கோப்பும் வேண்டும். மரணத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். மரணச் சான்றிதழ் கொப்பி போதும். பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலைக்கூட ஏற்பார்கள். தமிழில் உள்ளதென்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்து இணையுங்கள். பத்தரமுல்லைக்குப் போய் வெளிநாட்டமைச்சின் முத்திரை குத்தச் சொல்லி யாராவது அலைக்கழித்தால் கேட்காதீர்கள், சென். லூயிஸ் அதைக் கேட்பதில்லை.

இனிப் பெயர். எங்கள் ஆட்களின் கோப்பில் பெரிய தலையிடி இதுதான். கந்தையாவின் மகன் சிவலிங்கம் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் கந்தையா சிவலிங்கம். அமெரிக்கன் அதைப் பார்த்து ஃபர்ஸ்ட் நேம் கந்தையா என்று பதிந்துவிடுவான். நான்கு வருடமும் கப்பலில் எல்லோரும் அவரைத் தகப்பன் பெயரால் கூப்பிட்டிருப்பார்கள்! பிறகு பார்த்தால் ஒரு பத்திரத்தில் கந்தையாவின் நடுவில் 'டி', இன்னொன்றில் 'டிஎச்', மூன்றாவதில் கடைசி 'எச்' காணாது. இதற்கெல்லாம் பயப்படவேண்டாம். பெயரைவிட இலக்கம் பெரிது. நேவி 1972 ஜனவரி 1ஆம் திகதியிலிருந்துதான் பழைய சேவை இலக்கத்தை விட்டுவிட்டு சோஷியல் செக்யூரிட்டி இலக்கத்துக்கு மாறியது. அப்பா அந்த இரண்டு காலத்திலும் இருந்தவர். ஆகவே இரண்டு இலக்கங்களையும் படிவத்தில் எழுதுங்கள். கூடவே, இந்த எழுத்துக்கூட்டல்கள் எல்லாம் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று ஒரு சத்தியக்கடதாசி.

மெடலுக்கு வருவோம். அது 1965 ஜூலை 4 முதல் 1973 மார்ச் 28 வரையான காலத்துக்கு உரியது. அப்பா நேவியில் இருந்தார் என்பது போதாது, அவருடைய கப்பல் அந்தக் காலத்தில் எந்தக் கடலில் நின்றது என்பதைக் காட்டவேண்டும். கோப்பில் அவர் எந்தத் திகதியில் எந்தக் கப்பலில் ஏறி இறங்கினார் என்று இருக்கும். கப்பலின் தினப்பதிவு அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விஷயம் தானாகத் தெரியும். அப்பா வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் இருந்தால் அவற்றின் தபால் முத்திரையும் உதவலாம், வீசிவிடாதீர்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: என் மாமனார் அமெரிக்கர், கொரியப் போரில் ஆமியில் இருந்து காயப்பட்டவர். எண்பதுகளில் எங்களோடு கொழும்புக்கு வந்துவிட்டார், இப்போது இல்லை. கோப்பைக் கேட்டபோது "எரிந்துவிட்டது" என்று கணவருக்குப் பதில் வந்தது. அவ்வளவுதானா?

அவ்வளவுதான் என்று விட்டுவிடாதீர்கள் அக்கா. 1973 ஜூலை 12ஆம் திகதி சென். லூயிஸ் கட்டடத்தில் தீப்பிடித்தது. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் ஆமியிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் போய்விட்டது. மைக்ரோஃபிலிமும் எடுத்து வைக்கவில்லை. ஆனால் ஆளைப் பற்றிய கடதாசி ஒரே இடத்தில்தான் இருக்கும் என்று யார் சொன்னது? படைப்பிரிவில் ஆட்களின் நிலையை அன்றன்று எழுதும் காலை அறிக்கைகள், கடைசிச் சம்பள வவுச்சர், ஆஸ்பத்திரி அனுமதிப் பதிவுகள் எல்லாம் வேறு இடங்களில் பிழைத்தன. அவர் எப்போதாவது விஏயிடம், அதாவது முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களத்திடம், பென்ஷனோ படிப்புக் காசோ கேட்டிருந்தால் அங்கே தனிக்கோப்பு இருக்கும். அதைத்தான் முதலில் பிடிக்கச் சொல்வேன். உங்கள் கணவர் மகன் என்பதால் அவர் பெயரிலேயே கேட்கட்டும். படைப்பிரிவின் பெயரும், காயப்பட்ட மாதமும் தெரிந்தால் எழுதுங்கள். காலை அறிக்கையைத் தேட அந்த இரண்டும் இல்லாமல் முடியாது.

வெள்ளவத்தையிலிருந்து: என்னோடு ஈராக்கில் இருந்த நண்பன் டெக்சாஸில் இருக்கிறான். அவனுக்கு, சண்டையில் நேரடியாக இருந்தவர்களுக்குத் தரும் கொம்பட் எக்ஷன் பட்ஜ் கிடைக்கவேண்டும், சாட்சி எழுதச் சொல்கிறான். எம்பசியில் போய்க் கையெழுத்து வைக்கவேண்டுமா?

தேவையில்லை. எம்பசியில் ஒரு முத்திரைக்கு 50 டொலர். அந்தக் காசில் கொத்துரொட்டி சாப்பிடலாம். அமெரிக்கச் சட்டப்படி, "இது உண்மை, பொய்யானால் ஐக்கிய அமெரிக்காவின் சட்டங்களின் கீழ் பொய்ச்சாட்சித் தண்டனைக்கு உட்படுவேன்" என்ற வாசகத்தை ஆங்கிலத்தில் எழுதி, திகதி போட்டுக் கையெழுத்திட்டால் சத்தியக்கடதாசியின் பலம் உண்டு. நாட்டுக்கு வெளியே எழுதுகிறீர்கள் என்பதால் "ஐக்கிய அமெரிக்காவின் சட்டங்களின் கீழ்" என்ற பகுதி கட்டாயம் இருக்கவேண்டும். அதைத்தான் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள்.

சாட்சியில் "அவன் வீரன், நல்ல பிள்ளை" என்று எழுதிப் பிரயோசனமில்லை. நீங்கள் எங்கே நின்றீர்கள், எத்தனையாவது வாகனத்தில் இருந்தீர்கள், அவன் எதில் இருந்தான், சுட்டது எந்தப் பக்கத்திலிருந்து, அவன் என்ன செய்ததைக் கண்ணால் கண்டீர்கள் என்று எழுதுங்கள். கேள்விப்பட்டதை விடுங்கள். திகதி சரியாக நினைவில்லை என்றால் "ரமழான் தொடங்கி இரண்டாம் கிழமை" என்று எழுதினாலும் பரவாயில்லை. ஊகித்த திகதி படைப்பிரிவின் பதிவோடு முட்டினால் முழுச் சாட்சியும் பழுதாகிவிடும். நீங்களும் அதே பிரிவில்தான் இருந்தீர்கள் என்று காட்ட உங்கள் டிடி-214 கொப்பியை இணையுங்கள், சோஷியல் செக்யூரிட்டி இலக்கத்தை மறைத்துவிட்டு.

மட்டக்குளியிலிருந்து: விலகிப் பத்து வருடமாகிவிட்டது. மூன்று வருடத்துக்குள் கேட்கவேண்டும் என்கிறார்களே?

போர்டுக்குத்தான் அந்த எல்லை. அதுவும் பிழையைக் கண்டுபிடித்த நாளிலிருந்து. நியாயத்தின் பேரில் அதைத் தளர்த்தவும் போர்டுக்கு அதிகாரம் உண்டு. ஏன் பிந்தியது என்று படிவத்தில் இரண்டு வரி எழுதுங்கள். வெறுமையாக விடாதீர்கள்.

கொழும்பு 13இலிருந்து: ஒரு ஏஜென்ட் எழுபத்தையாயிரம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். எஸ்எஃப்-180, டிடி-149 இரண்டும் இலவசம். ஆங்கிலம் எழுதத் தெரிந்த மருமகனோ பக்கத்துவீட்டு டீச்சரோ போதும்.

கல்கிசையிலிருந்து: தாத்தா இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் தரைப்பணி. மெடல் ஒன்றும் வீட்டில் இல்லை. இதே டிடி-149 போடலாமா?

அது அமெரிக்கப் படைகளுக்கு மட்டும். தாத்தா பிரிட்டிஷ் படை என்றால் இங்கிலாந்தில் குளொஸ்டரில் உள்ள பாதுகாப்பமைச்சின் மெடல் அலுவலகத்துக்கு எழுதவேண்டும். அந்தக் காலத்தில் கேட்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். 1939 செப்டெம்பர் 3 முதல் 1945 செப்டெம்பர் 2 வரையில் 28 நாள் முழுநேரச் சேவை இருந்தாலே வார் மெடலுக்குத் தகுதி. பழைய சாமான் கடையில் ஒன்று வாங்கி "இது தாத்தாவுடையது" என்று சொல்ல நினைக்காதீர்கள். அந்தப் போருக்கு பிரிட்டன் கொடுத்த மெடல்களில் பொதுவாகப் பெயர் வெட்டவில்லை, அதனால் கடையில் இருப்பது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது.

நுகேகொடையிலிருந்து: குறைநினைக்கவேண்டாம், ஒரு ரிப்பனுக்காக இவ்வளவு மினக்கெடவேண்டுமா?

நியாயமான கேள்வி. ஆரம்பப் பயிற்சி முடித்தவருக்கெல்லாம் தரும் ஆமி சர்வீஸ் ரிப்பனுக்காக என்றால் நானும் மினக்கெடமாட்டேன். ஆப்கானிஸ்தான் மெடல் போன்ற கெம்பெய்ன் மெடல் வேறு. அமெரிக்க மத்திய அரசு வேலைக்கு முன்னுரிமைப் புள்ளி தருவதற்கு அதை ஆதாரமாக எடுப்பார்கள். சண்டையில் இருந்ததைக் காட்டும் பட்ஜ், எதிரியால் காயப்பட்டவருக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் போன்றவை இருந்தால், சேவையில் வந்த மனநோய், காது கேளாமை என்று விஏயிடம் கேட்கும்போது, அதைச் சம்பவப் பதிவோடு நிரூபிக்கும் சுமை குறையும். அப்படி ஒப்புக்கொள்ளப்பட்ட வருத்தத்துக்கு கொழும்பில் மருந்தெடுத்தாலும் வெளிநாட்டு மருத்துவத் திட்டத்தில் விஏ காசு தரும். பர்ப்பிள் ஹார்ட் கேட்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: காயம் எதிரியால் வந்தது என்பதற்கும், அதற்கு வைத்தியம் பார்த்ததற்கும் தனித்தனி ஆதாரம் வேண்டும். தழும்பின் படம் மட்டும் எடுபடாது.

தெஹிவளைத் தம்பி மீண்டும்: டிடி-215 வந்தபிறகு பழைய 214ஐ என்ன செய்வது?

வைத்திருங்கள். 215 திருத்தத்தை மட்டும்தான் சொல்லும். 214 இல்லாமல் அதை யாரும் வாசிக்கமுடியாது. இரண்டையும் ஒன்றாகக் குத்தி, எங்கே கொடுத்தாலும் சேர்த்தே கொடுங்கள். விஏக்கு முன்பே 214 கொடுத்திருந்தால் 215ஐயும் அனுப்பிவிடுங்கள், அவர்களாகத் தேடி எடுப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.