பலகாரத்துக்கு ‘ஆயா’ என்று பெயர் வைக்கலாமா?

காரைக்குடியிலிருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்கிறார்: “வீட்டிலேயே சீப்புச்சீடையும் மனகோலமும் போட்டு விற்கிறோம். இனி டப்பாவில் அடைத்து சென்னை, மும்பை, துபாய்க்கும் அனுப்பலாம் என்று எண்ணம். கைப்பக்குவம் எங்கள் ஆயாவுடையது (அம்மாவின் அம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்), அதனால் ‘ஆயா’ என்றே பெயர் வைக்க ஆசை. சென்னையில் இருக்கும் மகன், ஆயா என்றால் இங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அம்மாதான், வேண்டாம் என்கிறான். வேறு மொழிகளில் தப்பான பொருள் ஏதும் வருமா?”

பெயரை விடாதீர்கள் ஆச்சி. ஆனால் அந்த ஒரு சொல்லைத் தனியாக நிறுத்தாதீர்கள்.

தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் தேவகோட்டைப் பிள்ளை. சென்னையில் இரண்டாம் வகுப்பில் சேர்த்த அன்று டீச்சர் வாசலைப் பார்த்து “ஆயா, இங்க வாங்க” என்று கூப்பிட்டார். என்னைப் பெற்றவளைப் பெற்ற ஆயாதான் பஸ் பிடித்து வந்துவிட்டார் என்று எழுந்து ஓடினேன், அங்கே நீலப் புடவையில் கையில் வாளியோடு வேறு ஒருவர் நின்றார். அழுத என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டதும் அவர்தான். அகராதிப் பக்கம் நான் வந்ததற்கு அந்த நாளும் ஒரு காரணம்.

அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது: இவை இரண்டும் ஒரே சொல் அல்ல. நம் ஆயா இங்கேயே விளைந்தது, தாயைக் குறிக்கும் ‘ஆய்’ என்பதிலிருந்து வந்தது. சங்க காலத்தில் என் தாயை யாய் என்றும் உன் தாயை ஞாய் என்றும் அவன் தாயைத் தாய் என்றும் பிரித்துச் சொன்னார்களே, அந்தக் குடும்பம். பள்ளிக்கூடத்து ஆயா கப்பலில் வந்தவர். ஜன்னலும் அலமாரியும் சாவியும் வந்த அதே போர்த்துகீசிய வழி, அங்கே பிள்ளை வளர்க்கும் பெண்ணுக்கு ‘ஆயா’ என்று பெயர். வெள்ளைக்காரக் குடும்பங்கள் இந்தச் சொல்லையும் அந்த வேலைக்காரப் பெண்களையும் இங்கிருந்து இங்கிலாந்துக்கே கூட்டிப்போனார்கள், போன இடத்தில் கைவிடப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் தங்கிய ‘ஆயாக்கள் இல்லம்’ லண்டன் ஹாக்னியில் இருந்தது, அந்த வீட்டுச் சுவரில் 2022இல் நினைவுப் பலகை வைத்தார்கள். இன்னொன்றையும் தம்பியிடம் சொல்லுங்கள். அந்தப் போர்த்துகீசியச் சொல்லுக்கு மூலம் லத்தீன் ‘அவியா’, அதற்குப் பொருள் பாட்டி. எங்கோ கிளம்பிய சொல்லும் கடைசியில் ஒரு பாட்டியிடம்தான் போய் நிற்கிறது.

மும்பையில் நிலைமை வேறு. இந்தியில் ‘ஆயா’ என்றால் வந்தான், வந்தது. கடைக்காரர் “மால் ஆயா” என்றால் சரக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இந்தி எழுத்தில் அதை மட்டும் அச்சடித்தால் பாதி வாக்கியம்போல நிற்கும், கெட்ட பொருள் இல்லை, ஆனால் பாட்டி யாருக்கும் நினைவுக்கு வரமாட்டார். ஜப்பானில் அது பெண்ணின் பெயர், துருக்கியில் உள்ளங்கை. அவை உங்களுக்கு இப்போது வேண்டாம்.

கவனம் வேண்டியது அரபியில். அங்கே ‘ஆயா’ என்றால் அடையாளம், குர்ஆனின் வசனத்துக்கும் அதுதான் பெயர். பெண் குழந்தைகளுக்கு ஆசையாக வைக்கிறார்கள், ஆகவே தப்பான சொல்லே அல்ல. ஆனாலும் எண்ணெய்ப் பிசுக்கோடு குப்பையில் போகிற டப்பாவில் அரபி எழுத்தில் அது மட்டும் பெரிதாக நிற்பது சரியில்லை, அவர்கள் மனத்தை நாம் மதிக்க வேண்டும். நம் நாட்டு வணிகக்குறிச் சட்டமும் (டிரேட்மார்க் சட்டம், 1999) மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய குறியைப் பதிவுசெய்யக் கூடாது என்கிறது. துபாய்க்குப் போகும் உணவுப் பொருளில் அரபி லேபிள் கட்டாயம், அதனால் இதைத் தள்ளிப்போட முடியாது. அரபியில் பாட்டிக்கு ‘ஜத்தா’ என்று தனிச்சொல் இருக்கிறது, ‘பாட்டி வீட்டுப் பலகாரம்’ என்ற பொருள் வரும்படி அதை வைத்து எழுதச் சொல்லுங்கள்.

என் யோசனை, ‘ஆயா வீட்டுப் பலகாரம்’. செட்டிநாட்டில் ஆயா வீடு என்று சொன்னாலே விடுமுறையும் வளவும் (வீட்டு உள்முற்றம்) கொட்டான் (ஓலைக்கூடை) நிறையச் சீடையும் கண்முன் வரும். வெளியூர்த் தமிழருக்கும் ‘வீடு’ கூட வந்ததும் குழப்பம் தீர்ந்துவிடும். தமிழ் எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் இரண்டு ‘ஏ’ போடுங்கள், கடைசியில் ‘எச்’ சேர்க்காதீர்கள், சேர்த்தால் அது வெள்ளைக்காரர் வீட்டு ஆயாவின் எழுத்துக்கூட்டல் ஆகிவிடும்.

‘ஆயா’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் பதிவுக்குக் கொடுத்தால், எல்லோரும் புழங்கும் முறைப்பெயர், தனித்தன்மை இல்லை என்று ஆட்சேபம் வரலாம். முழுப்பெயரையும் படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அதற்கு முன் வணிகக்குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் 30ஆம் வகுப்பில் (பலகாரம் போன்ற உணவுகளுக்கான பிரிவு) இதே பெயரோ இதன் சாயலோ இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். டப்பா அச்சுக்குப் போகுமுன், மும்பையில் ஒருவருக்கும் துபாயில் ஒருவருக்கும் லேபிளைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பி, எந்த விளக்கமும் சொல்லாமல், பார்த்ததும் என்ன தோன்றுகிறது என்று மட்டும் கேளுங்கள்.