ஆபரேஷனே ஆகாத வயிற்றில் குடல் அடைப்பு எப்படி வரும்?

வரும். சிறுகுடல் அடைப்பில் பெரும்பாலானவை பழைய ஆபரேஷனுக்குப் பிறகு உண்டாகும் ஒட்டுதல்களால் வருபவை. அதனால்தான் எல்லோரும் முதலில் தழும்பைத் தேடுகிறார்கள். தழும்பு இல்லையென்றால் ‘வாயுதான்’ என்று விட்டுவிடக் கூடாது. வயதான நோயாளிகளை மனதில் வைத்தே சொல்கிறேன்.

ஒல்லியான வயதான பெண்மணி என்றால் ஆப்டுரேட்டர் ஹெர்னியாவை நினைக்க வேண்டும். இடுப்பெலும்புத் துளை ஒன்றில் குடல் நழுவிச் சிக்கிக்கொள்ளும். தசைக்கு அடியில் கிடப்பதால் வெளியே பெரும்பாலும் வீக்கம் தெரியாது. அதே துளை வழியாகப் போகும் நரம்பு நசுங்குவதால் தொடையின் உட்புறம் வலிக்கும். காலைப் பின்னால் நீட்டி, அகட்டி, உள்பக்கமாகத் திருப்பினால் வலி கூடும். இதற்கு ஹவ்ஷிப்-ராம்பெர்க் அறிகுறி என்று பெயர். பலருக்கு இது இருக்காது, இருந்தாலும் மூட்டு வலிக் கணக்கில் போய்விடும். சி.டி. ஸ்கேன் தொடையின் மேல்பகுதி வரை எடுத்திருந்தால் தப்பாது.

இன்னொன்று பித்தப்பைக் கல். கல் பித்தப்பைச் சுவரை அரித்து முன்சிறுகுடலுக்குள் விழுந்து, நகர்ந்து போய், சிறுகுடலின் குறுகலான கடைசிப் பகுதியில் மாட்டும். பெரும்பாலும் 2.5 செ.மீ.க்கு மேற்பட்ட கல்தான் இப்படி மாட்டும். வீங்கிய குடல், பித்தக் குழாயில் காற்று, இடம் மாறிய கல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ரிக்ளர் முக்கூட்டு. சாதாரண எக்ஸ்ரேயில் மூன்றும் ஒன்றாகத் தெரிவது குறைவு. சுண்ணாம்புச் சத்து இல்லாத கல் சி.டி.யிலும் கண்ணுக்குத் தப்பலாம். காற்று கல்லீரலின் நடுப்பகுதியில் இருந்தால் பித்தக் குழாய். ஓரம்வரை பரவியிருந்தால் குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் ரத்தக் குழாய், அதாவது குடல் அழுகத் தொடங்கியிருக்கலாம்.

அபூர்வத்தைச் சொல்லிப் பயமுறுத்துகிறேன் என்பார்கள். தேடாமல் அகப்படாது என்பதற்காகச் சொல்கிறேன். ரத்த நாளத்தில் கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய உதவும் மருந்து) ஏற்றி எடுக்கும் சி.டி.தான் இதற்குச் சரியான பரிசோதனை. முழு அடைப்பில் வாய்வழி கான்ட்ராஸ்ட் தேவையில்லை, வாந்திதான் மிஞ்சும். 3 செ.மீ.க்கு மேல் விரிந்த சிறுகுடலைப் பின்தொடர்ந்து, அது திடீரென்று சுருங்கும் இடத்தைக் கண்டுபிடித்தால் காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

ஒரு ஆதங்கம்: ஸ்கேன் சீட்டில் ‘வயிற்று வலி’ என்று இரண்டே வார்த்தை எழுதி அனுப்புகிறார்கள். ‘தழும்பு இல்லை, வலது தொடை வலி’ என்று சேர்த்தால் பார்ப்பவரின் கண் நேராக அங்கே போகும்.

விட்டுவிட்டு வந்த வலி விடாத வலியானால், காய்ச்சலோ நாடித்துடிப்போ ஏறினால் காத்திருக்காதீர்கள். ரத்தப் பரிசோதனையில் லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் குறைந்தால் கூடும் பொருள்) நார்மலாக இருக்கும்போதே குடல் ரத்த ஓட்டம் இழந்துகொண்டிருக்கலாம்.