ஆபீஸ் செலவுக்குச் சொந்த கார்டு: பாயிண்ட் யாருக்குச் சேரும்?

அக்கவுண்ட்ஸில் உட்கார்ந்து பயணச் செலவு கிளைம்களைப் பல வருஷமாகச் சரிபார்த்து வருகிறேன். கேஷ்பேக், ரிவார்டு பாயிண்ட், மைல்ஸ் (விமானப் பயணத்துக்குச் சேரும் பாயிண்ட்) பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

அக்கா, ஆபீஸ் டிக்கெட்டை என் கிரெடிட் கார்டில் போட்டேன். கம்பெனி முழுப் பணத்தையும் திருப்பித் தந்துவிட்டது. பாயிண்டை நான் வைத்துக்கொள்வது தப்பா?

உங்கள் கம்பெனியின் பயண விதி தடுக்கவில்லை என்றால் தப்பில்லை. கார்டு உங்கள் பெயரில் இருக்கிறது. கிளைம் தாமதமானால் வட்டியும் உங்கள் தலையில்தான். பல கம்பெனிகள் இதனாலேயே பாயிண்டைக் கேட்பதில்லை.

ஆனால் விதியை ஒருமுறை படித்துவிடுங்கள், ஏனென்றால் இது எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. விமான மைல்ஸ் திட்டங்கள், 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் தன் திட்டத்தைத் தொடங்கியதற்குப் பிறகுதான் பரவின. சண்டையும் கூடவே வந்தது. அமெரிக்க மத்திய அரசு ஊழியர்கள் அலுவலகப் பயண மைல்களைச் சொந்தமாக வைத்துக்கொள்ள 2001 டிசம்பரில் கையெழுத்தான சட்டம்தான் வழிவிட்டது. ஜெர்மனியிலோ, கம்பெனி செலவில் சேர்ந்த மைல்களை அடுத்த அலுவலகப் பயணத்துக்கே பயன்படுத்தச் சொல்ல முதலாளிக்கு உரிமை உண்டு என்று 2006-ல் மத்தியத் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பில் 10,000. கார்டு ஆஃபரில் 9,500தான் கட்டினேன். பில்லில் உள்ளபடி கிளைம் போடலாமா?

போடாதீர்கள் தம்பி. உங்கள் கையை விட்டுப் போனது 9,500. அதற்கு மேல் கேட்கும் 500, செய்யாத செலவு. தணிக்கையில் பொய் கிளைம் என்றுதான் எழுதுவார்கள். தொகை சின்னது என்று யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

எல்லோரும் குழம்புவது இங்கேதான். பில் போடும்போதே குறைந்தால் அது விலைத் தள்ளுபடி, கம்பெனிக்குப் போக வேண்டும். கடைக்காரர் அதே பில்லுக்காகப் பிறகு பணம் திருப்பித் தந்தாலும் அப்படித்தான். மாதக் கடைசியில் மொத்தச் செலவுக்கும் சேர்த்து வங்கி தரும் கேஷ்பேக் வேறு: அது கார்டு வைத்திருப்பவருக்கான சலுகை. அதிலும் விதி மௌனமாக இருந்தால் ஃபைனான்ஸுக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். அந்தப் பதில் பின்னாளில் உங்களைக் காப்பாற்றும்.

டூர் ரத்தாகி, டிக்கெட் பணம் என் கார்டுக்கே வந்துவிட்டது. கம்பெனி ஏற்கெனவே கிளைமைத் தந்துவிட்டதே?

இன்றே சொல்லித் திருப்பிக் கட்டுங்கள். வங்கியும் பெரும்பாலும் அந்தப் பாயிண்டைக் கழித்துக்கொள்ளும்.

ஒரே ஓட்டல் குழுமத்தில் தங்கினால் பாயிண்ட் சீக்கிரம் சேருகிறது. கொஞ்சம் விலை அதிகம்தான். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியாது. வழியில் தானாக விழுந்த பாயிண்டை எடுத்துக்கொள்ளலாம், பாயிண்டுக்காக வழியை மாற்றக் கூடாது. எனக்கு வந்த கிளைம்களில் ஒருவர், வேலை இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே குறைந்த வாடகையில் அறை கிடைத்தும், தொலைவில் இருந்த ஓட்டலிலேயே தங்கிவந்தார். வாடகை அதிகம், டாக்ஸி செலவு தனி. விசாரித்தபோது உறுப்பினர் அட்டை வெளியே வந்தது. நல்ல உழைப்பாளி. அதன்பின் அவர் போடும் ஒவ்வொரு பில்லையும் இரண்டு தடவை பார்த்தார்கள், எனக்கு அது வருத்தமாகவே இருந்தது.

வருமான வரி உண்டா மேடம்?

பணமாக மாற்றினீர்களா என்பதைப் பொறுத்தது. அலுவலகப் பயண மைல்ஸுக்காக வரி கேட்டுத் துரத்தப் போவதில்லை என்று அமெரிக்க வரித்துறை 2002-ல் அறிவித்தது. காசாக மாற்றியவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. கனடாவும் 2009-ல் இதே போன்ற நிபந்தனையோடுதான் தளர்த்தியது. உங்கள் நாட்டு விதியை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் சின்ன கம்பெனி நடத்துகிறேன். ஊழியர்களின் பாயிண்டைக் கம்பெனிக்கே எடுத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.

அப்படியானால் முதலில் கம்பெனி கார்டு கொடுங்கள் சார். சில விமான நிறுவனங்களில் பயணிக்குத் தனியாகவும் கம்பெனிக்குத் தனியாகவும் பாயிண்ட் தரும் திட்டமே உண்டு, அதில் சேருங்கள். அதை விட்டு, ஊழியர் தன் கடன் வரம்பில் உங்கள் செலவைச் சுமந்து, கிளைமுக்காக ஒன்றரை மாதம் காத்திருந்து, பாயிண்டையும் உங்களிடம் தர வேண்டுமா? இதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன். கிளைமை ஒரு வாரத்தில் தீர்த்துவிட்டு வாருங்கள், பாயிண்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.