ஐந்து மாதக் கிரேட் டேன் நாய்க்குட்டி நொண்டுவது குறித்து

வணக்கம். திருமங்கலத்தில் வளரும் உங்கள் ஐந்து மாதக் கிரேட் டேன் குட்டி முன்னங்காலை நொண்டுவதாகவும், கால்சியம் டானிக்கைக் கூட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கூட்ட வேண்டாம், இன்றே நிறுத்திவிடுங்கள். பெரிய இனக் குட்டிகளுக்கான தீவனம் கொடுப்பதாகச் சொல்லியிருப்பதால், வேண்டிய கால்சியம் அதிலேயே இருக்கிறது. மிகுதியாக வருவதை ஏற்காமல் தள்ளும் திறன் இந்த வயதுக் குட்டிக்குக் குறைவு என்பதால், நாம் ஆசையாக ஊற்றும் டானிக்கே எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்கிவிடக்கூடும்.

நொண்டல் கால் மாறி மாறி வந்தால், வளரும் வயதில் வரும் எலும்பு அழற்சியாக இருக்கலாம். அது பெரும்பாலும் தானே அடங்கும். ஒரே காலில் நீடித்தால் தோள், முழங்கை மூட்டுகளுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்குமாறு மருத்துவரிடம் கேளுங்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்.

வழுக்கும் டைல்ஸ் தரையும் ஒரு காரணமாகலாம். மதுரையில் நான் வளர்த்த கிரேட் டேனுக்காக என் வீட்டுக் கூடம் முழுவதும் தென்னைநார்ப் பாய் விரித்திருந்தேன். வந்தவர்கள் நெல் காயப்போடவா என்று சிரித்தார்கள். காலையில் காபி டம்ளரோடு நான் நிற்கும்போது, அறுபது கிலோ உடம்பையும் என் தொடையில் சாய்த்துக்கொண்டு அவன் நிற்பான்; பாதிக் காபி தரையில்தான்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது: உணவை மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், உண்டவுடன் ஓடவிடாதீர்கள். வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமனே குமட்டினால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம்; நள்ளிரவானாலும் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள்.