நிமோனியாவுக்குப் பின் நடைப்பயிற்சி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 54. சென்ற மழைக்காலத்தில் கடுமையான நிமோனியா கண்டு, மருத்துவமனையில் ஆக்சிஜன் உதவியுடன் இருந்து வீடு திரும்பினேன். எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், நுரையீரல் தெளிந்துவிட்டது, நடக்கலாம் என்கிறார். முன்பெல்லாம் விடியற்காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் வேகமாக நடப்பேன். இப்போது மாடிப்படி ஏறினாலே இரைக்கிறது. ஒரு நாள் மணலில் நடந்தால் மறுநாள் எழவே முடிவதில்லை. விடாப்பிடியாக நடந்தால்தான் பழைய பலம் திரும்பும் என்கிறார்கள் வீட்டில். அது சரிதானா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: சரியல்ல. வீட்டார் அன்பினால்தான் சொல்கிறார்கள் என்றாலும், உங்கள் உடல் இப்போது கேட்பது விடாப்பிடியை அல்ல, அளவை.

எக்ஸ்ரே தெளிந்த பிறகும் இரைப்பது ஏன் என்ற அச்சம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. பல நாள் காய்ச்சலோடு படுக்கையில் கிடப்பவருக்குத் தொடைத் தசைகள் விரைவில் மெலிந்துவிடும். சிகிச்சையில் ஸ்டீராய்டு மருந்து சேர்ந்திருந்தால் அந்த மெலிவு இன்னும் கூடும். பலம் குன்றிய தசை சிறிது உழைத்தாலும் சீக்கிரமே களைத்து, மூச்சை வேகப்படுத்திவிடுகிறது. ஆகவே இரைப்பு மார்பில் தெரிந்தாலும் அதன் காரணம் பெரும்பாலும் கால்களில் இருக்கிறது. கடுமையான நிமோனியாவுக்குப் பின் இந்தச் சோர்வு சில மாதங்கள் வரை நீடிப்பது வழக்கம்தான்.

காய்ந்த மணலில் நடக்கக் கெட்டியான தரையில் நடப்பதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு உழைப்பு தேவைப்படுவதால், கடற்கரையைச் சில வாரங்கள் தள்ளி வையுங்கள். மஞ்சக்குப்பம் மைதானம் சமதரை. வீட்டுக்கும் அருகில்தான் இருக்கும். காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் என்று தொடங்குங்கள். உடன் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிச் சொல்ல முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சை இழுக்க நேர்ந்தால் வேகம் அதிகம். இரைத்தால் நின்று, சுவரிலோ மரத்திலோ கைகளை ஊன்றிச் சற்றே முன்னால் சாய்ந்து, மூக்கால் மூச்சை இழுத்து, உதடுகளைக் குவித்து, இழுத்ததைப்போல இரு மடங்கு நேரம் மெல்ல ஊதி விடுங்கள்.

நடந்த அளவு சரியா என்பதை அன்றைக்கே முடிவுசெய்யாமல், மறுநாள் காலையில் முடிவுசெய்யுங்கள் என்பதே நான் வலியுறுத்த விரும்புவது. எழும்போது உடல் வழக்கம்போல் இருந்தால் நேற்றைய அளவு பொருந்துகிறது. அதே அளவில் ஒரு வாரம் நடந்துவிட்டு, ஓரிரு நிமிடம் கூட்டலாம். அடித்துப் போட்டாற்போல் இருந்தால் அன்று ஓய்வெடுத்து, அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். அப்படிக் குறைப்பது பின்னடைவு அல்ல.

கால்களுக்குப் பலம் ஏற, வீட்டில் கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியை நாளுக்கு இரு வேளை, இயன்ற அளவு செய்யுங்கள். பருப்பு, முட்டை, மீன், சுண்டல் போன்ற புரத உணவில்லாமல் தசை திரும்பாது. வெறும் கஞ்சியோடு நிறுத்திவிடாதீர்கள். சமதரையில் அரைமணி நேரம் களைப்பின்றி நடக்க முடிந்த பிறகு, முதலில் அலை நனைத்து இறுகிய ஈர மணலிலும், அதன்பின் காய்ந்த மணலிலும் நடக்கலாம்.

இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைக் காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால், நடப்பதற்கு முன்னும் நடந்த உடனேயும் பாருங்கள். விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அளவு தவறாகக் காட்டும் என்பதால் கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். நடையில் 4 புள்ளிக்கு மேல் இறங்கினாலோ 90-க்குக் கீழே போனாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மார்பு வலி, மயக்கம், சளியில் இரத்தம், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும் ஆகியவற்றில் எது வந்தாலும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. நீண்ட நாள் படுத்திருந்தவரின் கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைக்கக்கூடும்.

கேள்வி: ஆஸ்துமா உள்ள என் தாயார் நிமோனியாவிலிருந்து தேறி வருகிறார். அவரைக் கடற்கரைச் சாலைக்கு எந்த நேரத்தில் அழைத்துச் செல்லலாம்?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: மாலை 6 மணி முதல் காலை 7.30 மணி வரை அங்கே வாகனங்களுக்குத் தடை இருப்பதால் புகைத் தொல்லை குறைவு. சாலையும் சமமானது, களைத்தால் உட்காரவும் இடமுண்டு. விடிந்த பின் 7.30-க்குள் செல்வது நல்லது. மார்கழிப் பனி மூட்டமாக இருக்கும் நாட்களில் அது விலகும் வரை வீட்டிலேயே நடக்கட்டும். போகி அன்று வெளியே அழைத்துச் செல்லவே வேண்டாம். நடைக்கு முன் இன்ஹேலர் எடுக்க வேண்டுமா என்பதையும், ஃப்ளூ, நிமோகாக்கஸ் தடுப்பூசிகளை எப்போது போடலாம் என்பதையும் அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறலுக்கான இன்ஹேலர் நடக்கும்போது அவர் கையிலேயே இருக்க வேண்டும். வண்டியின் பெட்டியில் வைத்துவிட்டு நடக்க வேண்டாம்.