40 ஏக்கரும் பங்குக் கிணறும்

கேள்வி: '40 ஏக்கர்ஸ்' என்ற கனடாப் படம் பார்த்தேன். உலகமே பஞ்சத்தில் அழிய, ஒரு குடும்பம் துப்பாக்கியும் கையுமாகத் தன் பண்ணையைக் காக்கிறது. அப்படியொரு காலம் வந்தால் யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பம் தனியே தாக்குப்பிடிக்குமா?
(வாசகர், கோண்டாவில்)

பதில்: முதலில் கணக்கு. ஏக்கருக்கு 16 பரப்பு. 40 ஏக்கர் என்றால் 640 பரப்பு. எங்கள் பக்கத்தில் நாலு பரப்புச் செம்மண் தோட்டத்தைச் சீதனமாக எழுதினாலே ஊர் ஒரு கிழமை பேசும்.

பூஞ்சை நோயில் விலங்கினம் மடிந்து, போரும் மூண்டு, விளைநிலம் பொன்னைவிடப் பெறுமதியாகிவிட்ட உலகம் அது. டேனியல் டெட்வைலர் நடித்திருக்கும் ஹெய்லி முன்னாள் இராணுவக்காரி. பிள்ளைகளைப் படையணி போலப் பழக்கியிருக்கிறாள். அந்நியர் யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது அவள் சட்டம். கோண்டாவிலில் அந்தச் சட்டம் அடுத்த தண்ணீர் முறை வரைக்கும்தான் நிற்கும். வற்றாத ஆறு இல்லாத குடாநாடு இது. சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைநீரை நம்பித்தான் தோட்டம். தோட்டக் கிணறுகளில் பல, பங்காளிகள் முறை வைத்து இறைக்கும் பங்குக் கிணறுகள். உங்கள் காணி உறுதிப்பத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள்: காணியின் அளவுக்குப் பின்னால் கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும் எழுதியிருக்கக்கூடும். வேலிக்கு மின்சாரம் பாய்ச்சினால் பங்காளி எந்த வழியால் வருவான்? அவனைச் சுட்டாலும் பயனில்லை. பங்கு அவன் பிள்ளைகளுக்குப் போகும். முறைக்கு அவர்கள் வருவார்கள்.

எரிபொருள் தீர்ந்தால் பம்பும் நின்றுவிடும். பிறகு கிணற்றில் நீர் இறைக்கும் துலா மரம்தான். மேலே ஏறித் துலா மிதிக்க ஓர் ஆள், கீழே பட்டை பிடித்து ஊற்ற ஓர் ஆள், மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற ஓர் ஆள். மூன்று பேரும் இறைப்பில் நின்றால் படலையில் காவல் யார்? 1990களின் பொருளாதாரத் தடையில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த யாரையாவது கேளுங்கள். மண்ணெண்ணெய் கைமாற்றாக வந்தது அயல்வீட்டிலிருந்துதான். அதே அயல்வீட்டோடு வேலிக் கதியாலுக்காக வழக்கும் நடந்துகொண்டிருந்திருக்கும். அது வேறு.

கேள்வி: படத்துக்கு ஏன் அந்தப் பெயர்?
(வாசகி, சாவகச்சேரி)

பதில்: 1865 ஜனவரியில் அமெரிக்க ஜெனரல் ஷெர்மன், விடுதலையான அடிமைக் குடும்பங்களுக்குத் தென்கரையோர நிலத்தில் 40 ஏக்கர் வரை ஒதுக்கிக் கட்டளையிட்டார். லிங்கன் கொல்லப்பட்ட பின் ஜனாதிபதியான அன்ட்ரூ ஜோன்சன், அதே வருடத்திலேயே அந்த நிலங்களைப் பழைய முதலாளிகளுக்குத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். ஹெய்லியின் முன்னோர் அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் கனடாவில் வந்து குடியேறிய கறுப்பின விவசாயிகள். அவள் துப்பாக்கியைக் கீழே வைக்காததன் காரணம் அங்கேதான் இருக்கிறது. துரத்தி வருகிறவர்கள் இரண்டாவது காரணம். 1990இல் போரால் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, இன்றும் காணி உறுதியை மட்டும் கையில் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் படத்தை யாராவது தமிழ் எழுத்தோடு போட்டுக் காட்டலாம்.

கேள்வி: மனிதரைத் தின்னும் கூட்டம் வருகிறதாமே. பத்து வயது மகனோடு பார்க்கலாமா?
(வாசகர், சுன்னாகம்)

பதில்: கூடாது. இரத்தம் தாராளம். நீங்கள் பார்ப்பதானாலும் ஒடியற்கூழை முதலிலேயே குடித்துவிடுங்கள். பார்த்த பிறகு இறங்காது.